புள்ளி

மவுஸின் பேட்டரி தீர்ந்த ராத்திரி அது.
மன்னார்குடி பந்தலடி, உரக்கடை மாடி,
படியேறி யூரியா வாடை வந்து உட்காரும் அறை.
இருதயராஜ் ஊருக்குப் போகுமுன்
என் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டுப் போன எடிட்டரை
அதுவரை மூன்று வாரமாய்
வேண்டாவெறுப்பாகத்தான் பழகியிருந்தேன்.

திறந்தவுடன் எழுதவிடாது.
ஜே என்று அடித்தால் ஒரு வரி கீழே இறங்கும்.
எழுத வேண்டுமானால் முதலில் அனுமதி கேட்க வேண்டும்,
எழுதி முடித்ததும் எஸ்கேப் தட்டிக்
கையெடுத்துக்கொள்ள வேண்டும்.
முதல் நாள் வெளியே வரத் தெரியாமல்
கம்ப்யூட்டரையே அணைத்தேன்.
இரண்டாம் நாளும்.

பிறகு ஒருநாள் எண்ணிப் பார்த்தேன்:
காலையிலிருந்து புதிதாய் எழுதியது இருபது வரி.
மிச்ச நேரமெல்லாம் தேடியது, படித்தது,
ஒரு கமாவுக்காக மேலும் கீழும் அலைந்தது.
தெரிந்துதான் செய்திருக்கிறார்கள், பாவிகள்.

அதன் பேச்சுதான் பிடிபடவில்லை.
அழி, சொல்லை.
மாற்று, மேற்கோளுக்குள் இருப்பதை.
வினை முன்னே, பொருள் பின்னே.
நம் வாய்க்கு வராத வரிசை என்றிருந்தேன்,
ஒரு மத்தியானம் ஜன்னலுக்குக் கீழே லாரியில்
"எறக்குய்யா மூட்டையை! புடி அந்த முனையை!"
என்று ஒருவர் கத்தும்வரை.
அவசரத்தில் தமிழும் அப்படித்தான்.
அன்றைக்குப் பாதி வந்துவிட்டது விரலுக்கு.

தை மாதம் பெய்யக்கூடாத மழை.
வடுவூர்க் கொள்முதல் நிலையத்திலிருந்து கலியமூர்த்தி:
"ஈரப்பதம் பதினேழுலேர்ந்து பத்தொம்போதாம் சார்.
ஆர்டர் வந்துட்டு. காலைல மெஷின் எடுக்கணும்."

பதினேழு என்று தேடினேன்.
நாற்பத்தோரு இடம்.
எழுதியவனுக்கு
ஓர் எண்ணுக்குப் பெயர் வைக்கத் தெரியாதா என்று திட்டினேன்.
பாதி நான் எழுதியது.

எல்லாவற்றையும் ஒரே அடியாய் மாற்றும் கட்டளையும் உண்டு.
விரல் அதன்மேல் போய்விட்டது.
நல்லவேளை, கொஞ்சம் படித்தேன்.
ஒரு பதினேழு, ரசீதில் அச்சாகும் வரிகள்.
இன்னொன்று, கிடங்கு எண்.
மூன்றாவது எதற்கென்று யாருக்கும் தெரியாது,
தொட்டால் பில் வராது.

ஆகவே ஒன்றை மட்டும் திருத்தினேன்.
மிச்சத்துக்குப் புள்ளிச் சாவி.
நம் எழுத்தில் புள்ளி வைத்தால் உயிர் போய்விடும்,
மெய் மட்டும் நிற்கும்.
இங்கே புள்ளி,
செய்து முடித்ததை மறுபடி எழுப்பி நடக்கவிடுகிறது.
அடுத்தது. புள்ளி.
அடுத்தது. புள்ளி.
அடுத்தது. கிடங்கு, இருக்கட்டும்.
அடுத்தது. புள்ளி.
கரண்ட் போய் யுபிஎஸ் கீச்சிடத் தொடங்கியது.
மழை ஷட்டரை அறைந்தது.
அடுத்தது. புள்ளி.
முப்பத்தெட்டு முடிந்தபோதுதான்
மவுஸ் செத்துக் கிடந்த ஞாபகமே வந்தது.

கலியமூர்த்திக்கு 'முடிந்தது' என்று அனுப்பிவிட்டுப்
பெஞ்சிலேயே படுத்தேன்.

காலை பத்து மணிக்குப் போன்.
"மெஷின் எடுக்குது சார்.
தனபாக்கியத்தோட குவியல்தான்
பத்தொம்போது புள்ளி நாலு காட்டுது.
தார்ப்பாய மூடிட்டுப் பக்கத்துலயே உக்காந்திருக்கு."
எதிர்முனையில் யாரோ சாக்கு உதறும் சத்தம்.
"அப்புறம் சார், ராத்திரி நீங்க அனுப்புனதுல, கடைசீல
மேலயும் கீழயுமா ரெண்டு புள்ளி,
பக்கத்துல ஒரு டபிள்யூ.
வெயிட்டிங்னு அர்த்தமா?"

சேமித்துவை என்று அர்த்தம்.
விரல் தானாய்ப் போட்டிருக்கிறது.

ஆமாம் என்றேன்.